முதல் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் வரும் வலிகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் வழிமுறை

21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கோ 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்கோ முதன்முறையாகப் பெயர் கொடுத்துப் பயிற்சியில் இறங்கியவர்கள், நான்காவது ஐந்தாவது வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வலிக்கிறது, இன்றைக்கு ஓடலாமா, கூடாதா? வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை வைத்து இதற்கு விடை காண முயல்வதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு இரு தொடைகளும் வலிப்பது பெரும்பாலும் தீங்கற்றது. பொறுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலத் தோன்றும் மெல்லிய வலி, கணைக்கால் எலும்பில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் இருந்தால், அது எலும்பில் விரிசல் விழத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். வலியின் கடுமை ஏமாற்றக்கூடியது. வலி எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது, எப்போது தணிகிறது என்பவை அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. ஆகவே இந்த வழிமுறை இடத்தையும் நேரத்தையும் பிடித்துக்கொண்டே செல்கிறது.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எந்த வலியானாலும், அதற்குரிய பகுதிக்குப் போகும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். வலி இரு கால்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு காலில் மட்டுமா? உள்ளங்கையை வைத்துத்தான் காட்ட முடியும் என்னும்படி பரவலாக இருக்கிறதா, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் நிற்கிறதா? ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் குறைகிறதா, ஓட ஓட ஏறுகிறதா? முந்தைய நாள் காலையோடு ஒப்பிட்டால் இன்று காலை எப்படி இருக்கிறது? இரு பக்கமும் பரவலாக இருந்து, உடல் சூடேறியதும் தளர்ந்து, நாளுக்கு நாள் குறைந்துவருவது பயிற்சியின் இயல்பான விளைவு. ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் நின்று, ஓட ஓட ஏறி, காலைக்குக் காலை கூடிவருவதைக் காயம் என்றே கொள்ள வேண்டும்.

இடைப்பட்ட வலிகளுக்கு எண் உதவும். வலியே இல்லாத நிலைக்கு 0, தாங்கவே முடியாததற்கு 10 என்று வைத்துக்கொண்டு, ஓடும்போது ஓர் எண்ணும் மறுநாள் காலை எழுந்தவுடன் ஓர் எண்ணும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஓடும்போது 3-ஐத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் பயிற்சியைத் தொடரலாம். 5-ஐத் தொட்டால் அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். எண் என்னவாக இருந்தாலும், நொண்டத் தொடங்கினால், அதாவது வலியைத் தவிர்ப்பதற்காகக் காலடி வைக்கும் முறையையே உடல் மாற்றிக்கொண்டால், ஓட்டம் அங்கேயே முடிந்தது. நொண்டி ஓடிய ஐந்து கிலோமீட்டர், வலித்த காலின் சுமையை மற்ற காலின் இடுப்பின்மேல் ஏற்றிவிடும்; ஒரு காயத்தோடு தொடங்கியவர் இரண்டு காயங்களோடு திரும்புவது இப்படித்தான்.

வீட்டில் வைத்துச் சரிசெய்ய முயலக் கூடாதவை சில உண்டு. ஓடும்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ வருதல், மயங்கி விழுதல், ஓய்விலும் மூச்சுத் திணறுதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தல் ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெப்பமான நாளில் ஓடுபவர் நிலைகுழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அதை வெப்பத் தாக்கு என்றே கருதி, உதவி வந்து சேரும்வரை காத்திராமல், அவரைக் குளிர்ந்த நீரில் அமர்த்தியோ நீரை ஊற்றியோ உடலைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிலை அது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மறுநாள் இரு தொடைகளும் வலிக்கின்றன, படியிறங்க முடியவில்லை

இது தாமதித்து வரும் தசைவலி. ஓடி முடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் போய்விடும். ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பதே இதன் காரணத்தையும் காட்டிக்கொடுக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் முன்தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கிப் பிரேக் போலச் செயல்படுகிறது. அதாவது சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே இழுபட்டு நீள்கிறது. இந்த வகை வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய சேதத்தையும் அதைத் தொடர்ந்து வீக்கத்தையும் உண்டாக்குகிறது. சரிவான பாதையில் இறங்கி ஓடிய மறுநாள் வலி இரட்டிப்பதும் இதனால்தான்.

லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதைக் கரைக்க வேண்டும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஓட்டத்தில் உண்டாகும் லாக்டேட், அதாவது அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம், ஓடி முடித்த சுமார் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து உச்சமடையும் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதையோ கரைத்து வெளியேற்ற வேண்டும் என்று நினைப்பவர், வலிக்கும் தசையை மேலும் கடுமையாக வேலை வாங்குவார். நடந்துகொண்டிருப்பது பழுதுபார்ப்பு வேலை என்று அறிந்தவர் அதற்கு நேரம் கொடுப்பார்.

செய்ய வேண்டியது எளிது. மறுநாள் 20 முதல் 30 நிமிடம் நிதானமாக நடப்பதோ, எதிர்ப்பு இல்லாமல் சைக்கிள் மிதிப்பதோ வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும். இதமான மசாஜும் அப்படியே. 10 முதல் 15 டிகிரி குளிர்ந்த நீரில் 10 முதல் 15 நிமிடம் காலை அமிழ்த்தி வைத்தால் வலியுணர்வு குறையும். ஆனால் வலுப்பயிற்சி செய்த நாள்களில் இதை வழக்கமாக்கினால் தசை வலுப்பெறுவதே மட்டுப்படக்கூடும் என்பதால், நெடு ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தசையை இழுத்து நீட்டும் பயிற்சிகளைப் பொறுத்தவரை, ஓட்டத்துக்கு முன்போ பின்போ செய்தாலும் இந்த வலி குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இதமாக இருந்தால் செய்யலாம். செய்யாததால்தான் வலிக்கிறது என்று வருந்த வேண்டியதில்லை.

இந்த வலியோடு ஓடலாமா என்றால், மெதுவான ஓட்டம் ஓடலாம். வாய்விட்டு முழு வாக்கியம் பேச முடியும் வேகம்தான் மெதுவான வேகம். பத்து நிமிடத்தில் கால் தளர்ந்துவிட்டால் தொடருங்கள், இல்லையென்றால் நடந்து திரும்பிவிடுங்கள். வேக ஓட்டத்தையும் சரிவில் இறங்குவதையும் வலி முற்றும் போனபின் மேலும் ஒரு நாள் தள்ளிவையுங்கள். வலி போன பிறகும் தசையின் வலு முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. ஒருமுறை இப்படி வலித்த தசை, அதே வேலையை அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் வெகு குறைவாகவே வலிக்கும். ஆகவே ஓடப்போகும் பாதையில் இறக்கங்கள் இருந்தால், பயிற்சிக் காலத்திலேயே சிறிய இறக்கங்களை ஓரிருமுறை ஓடிப் பழகிவிடுவது உண்மையான முன்னேற்பாடு.

தசைவலி அளவுக்கு மீறிப் போய், தசை வீங்கி இறுகி, காலைத் தூக்கவே வலுவில்லாமல், சிறுநீர் அடர்ந்த தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ போனால் அது வேறு நோய். சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கணைக்கால் எலும்பின் உட்புறம் வலிக்கிறது

முதன்முறை பயிற்சி எடுப்பவர்களைப் பாதியில் நிறுத்திவிடும் வலிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஆகவே இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்புறம் தோலுக்கடியில் நேராகத் தட்டுப்படும் எலும்பின் உள் விளிம்பில், கீழ்ப்பகுதியில் வலி வரும். ஓடத் தொடங்கும்போது வலித்து, பிறகு மறைந்து, ஓடி முடித்ததும் திரும்ப வரும். இதற்குள் இரண்டு வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எலும்பின் விளிம்பு நெடுகப் பரவிய அழற்சி, இன்னொன்று எலும்பிலேயே விழும் அழுத்த விரிசல். முன்னதைக் குறைத்து ஓடியே சரிசெய்யலாம். பின்னதில் ஓடுவது எலும்பை முறித்துவிடக்கூடும்.

இரண்டையும் பிரித்தறியக் கட்டைவிரல் போதும். உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டு, எலும்பின் உள் விளிம்பை முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை விரலகல இடைவெளியில் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு, விரல் வைத்த இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வலித்தால் அது விளிம்பு அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலும் கீழும் ஒன்றும் இல்லாமல் ஒரே ஓர் இடத்தில் சுரீரென்று வலித்து, அந்த இடத்தைத் தொட்டதும் கால் தானாகவே பின்வாங்கினால், ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அல்லது அந்த ஒற்றைக் காலால் குதிக்கும்போது அதே இடத்தில் வலித்தால், ஐயம் இன்னும் வலுக்கிறது. குதித்துப் பார்ப்பதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்.

நான் என் முதல் ஓட்டத்துக்குத் தயாரான ஒன்பதாவது வாரத்தில், நெடு ஓட்டம் முடித்த மாலை, வலக் கணைக்காலை இப்படி அழுத்திக்கொண்டு வந்தபோது, கணுக்காலிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் விரல் நின்றது. அதற்கு மேலும் கீழும் எலும்பு கல்லைப் போல உணர்வற்று இருக்க, அந்த ஓரிடம் மட்டும் விரலை எடுத்த பின்னும் விண்விண் என்று தெறித்தது. மறுவாரம் எடுத்த எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஓடலாம் என்று சொல்லிவிட்டார்கள். விரல் சொன்னதையே நம்பி ஓடாமல் இருந்தேன். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் விரிசலின் தொடக்கம் தெரிந்தது. அழுத்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்-ரே படத்தில் தெரியாமல் போவது வழக்கமானது. படம் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓடத் தொடங்கிவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்ல இதுவே காரணம்.

ஏன் இது பயிற்சியின் இடைக்காலத்தில் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தடுப்பதும் எளிதாகும். புதிய சுமை விழும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேலை முதலில், ஏறக்குறைய மூன்று வாரத்தில் நடந்துவிடுகிறது. அந்தக் குழியில் புதிய எலும்பு நிரம்பிக் கெட்டிப்பட மூன்று மாதம் போலப் பிடிக்கிறது. இதற்கிடையே இதயமும் நுரையீரலும் வாரக்கணக்கில் தேறி, இன்னும் ஓடு என்று உற்சாகப்படுத்துகின்றன. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பது எலும்பு தயாராகிவிட்டதற்குச் சான்று ஆகாது.

விளிம்பு அழற்சிதான் என்றால், வாரத் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, ஓடும் நாள்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டு, சாலையைவிட மண்பாதையைத் தேர்ந்துகொண்டு, ஓடும்போது காலடிகளைச் சற்றுக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கெண்டைக்காலை வலுவாக்க, குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். விரிசல் என்று உறுதியானால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை. வலியில்லாத அளவில் நீச்சலோ சைக்கிளோ மருத்துவரின் ஒப்புதலோடு தொடரலாம்.

தொடை இடுக்கில் ஆழமாக வலிக்கிறது

ஒரு பக்கத் தொடை இடுக்கின் உள்ளே, விரலுக்கு எட்டாத ஆழத்தில், எடை வைக்கும்போதெல்லாம் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழும் அழுத்த விரிசலும் இப்படித்தான் தன்னைக் காட்டும். அது முற்றிலும் முறிந்தால் அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும். இந்த ஓரிடத்தில் மட்டும், இரண்டு நாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது

எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில் ஊசி குத்துவதுபோல் வலித்து, நடக்க நடக்கத் தணிந்து, நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது திரும்ப வந்தால், குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கும் தடித்த திசுப்பட்டை சிரமப்பட்டிருக்கிறது. படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து, பத்து விநாடி வைத்திருந்து, பத்து முறை செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வலுவேற்ற, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்துப் படியின் விளிம்பில் நின்று, குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். மாதக்கணக்கில்தான் மாற்றம் தெரியும்.

வலி குதிகாலின் அடியில் இல்லாமல் பின்புறம், குதிகாலுக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, நரம்பு என்று நாம் சொல்லிவிடும் அந்தத் தடித்த நாணில் இருந்தால், அது அக்கிலிஸ் தசைநாணின் சிரமம். காலையில் விறைத்திருப்பதும், இரு விரலால் கிள்ளிப் பிடித்தால் வலிப்பதும் அடையாளம். இதற்கு முழு ஓய்வு கொடுப்பது பயன் தராது. தசைநாண் சுமையில்தான் தேறும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சி முறையில், படி விளிம்பில் இரு காலாலும் உயர்ந்து, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கி வைத்து அதேபோல் மூன்று சுற்று. இது நாளுக்கு இருமுறை, 12 வாரம். வலி ஓரளவு இருந்தாலும் தொடரலாம் என்பதுதான் அந்த முறையின் புதுமை. ஆனால் வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் குதி எலும்போடு சேரும் இடத்திலேயே இருந்தால், குதிகாலைப் படி மட்டத்துக்குக் கீழே இறக்காமல் தரையில் நின்றபடி செய்யுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோன்ற அடியுடன், பட்டென்ற ஓசை கேட்டு, கால் நுனியில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அதற்கு மருத்துவமனைதான்.

முழங்கால் வலிக்கிறது

முழங்காலில் எந்தப் பக்கம் என்பதே பாதி விடை. முழங்கால் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ மந்தமாக வலித்து, படியிறங்கும்போதும் வெகுநேரம் மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் கூடினால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே சுமை கூடியிருக்கிறது. தூரத்தைக் குறைத்து, காலடியைக் குறுக்கி, இடுப்பையும் முன்தொடையையும் வலுவாக்கும் பயிற்சிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

வெளிப்புறத்தில் வரும் வலிக்கு ஒரு விந்தையான ஒழுங்கு உண்டு. முதல் நான்கு கிலோமீட்டர் ஒன்றுமே இருக்காது, ஐந்தாவதில் கூர்மையாகத் தொடங்கும், நின்றால் போய்விடும், அடுத்தமுறையும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் திரும்பும். தொடையின் வெளிப்புறம் நெடுக இறங்கும் திசுப்பட்டை, முழங்கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கும் கட்டத்தில் எலும்போடு அழுந்துவதால் வருவது இது. இறக்கமும், ஒரு பக்கம் சாய்ந்த சாலையோரமும் இதை வளர்க்கும். வலி தொடங்கும் தூரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே நிறுத்தி, அதற்குள் வலியில்லாமல் பல நாள் ஓடி, பிறகு மெல்ல நீட்டுவதே நான் கண்ட நல்ல வழி. பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் இடுப்புப் பயிற்சியைக் கூடவே செய்யுங்கள். முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது சட்டென நழுவிக்கொடுத்தாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கெண்டைக்கால் சுண்டிப் பிடிக்கிறது

ஓட்டத்தின் பிற்பகுதியில் வரும் பிடிப்புக்குப் பெரும்பாலும் தசையின் களைப்பே காரணம். பயிற்சியில் பழகாத வேகத்தில் ஓடிய நாளில் அது அதிகம் வரும். நின்று, முழங்காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்து, பிடிப்பு விடும்வரை காத்திருங்கள். உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதைவிட, முதல் பாதியை மெதுவாக ஓடுவது நல்ல தடுப்பு. ஆனால் பிடிப்பு விட்ட பின்னும் ஓரிடத்தில் கிழித்ததுபோன்ற வலி நின்று, அங்கே நிறம் மாறினால், தசை இழை கிழிந்திருக்கிறது.

கொப்புளம், கருநகம், உராய்வு

இவை சிறியவை என்றாலும் காலடியை மாற்றிப் பெரிய காயத்துக்கு வழிவிடும். காலணி விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகல இடம் விட்டதாக இருக்கட்டும். வியர்வையை உறிஞ்சித் தேக்கும் பருத்திக் காலுறையைத் தவிருங்கள். உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள். வலிக்காத கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

எங்கும் வலியில்லை, ஆனால் கால் கனக்கிறது, ஓட மனமில்லை

காயமில்லாத இந்த நிலையைப் பலர் சோம்பல் என்று தங்களையே கடிந்துகொண்டு, அடுத்த நாள் இன்னும் கடுமையாக ஓடிவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். ஏனெனில் இங்கே கேட்கப்படுவது உணவும் உறக்கமும் மட்டுமே. காலையில் கண் விழித்ததும், எழும் முன், நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து பல நாள் கூடியிருந்து, உறக்கம் குலைந்து, பசி குறைந்து, அடிக்கடி சளி பிடித்து, பழகிய வேகமே பாரமாகத் தோன்றினால், சுமை மீட்சியை முந்திவிட்டது என்று பொருள். ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, வேக ஓட்டத்தை அறவே விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் ஓய்ந்தும் தேறவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச் சத்தைப் பாருங்கள்.

இந்த நிலைக்கு வராமல் இருக்க, மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்கும் பழைய முறை இன்றும் நல்லது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதி பரவலாக ஓதப்படுகிறது. ஆனால் நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை வைத்து நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், அவ்விதியைப் பின்பற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் ஏற்பட்ட விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. அந்த எண் ஒரு தோராயமான கடிவாளம் மட்டுமே. உங்கள் குறிப்பேட்டில் உள்ள காலை எண்ணை அதைவிட அதிகமாக நம்புங்கள்.

உணவைப் பொறுத்தவரை, தீர்ந்துபோன கிளைக்கோஜன், அதாவது தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்து, முழுமையாக நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அடுத்த நாளே மறுபடி ஓட வேண்டியிருந்தால், ஓடி முடித்த முதல் நான்கு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது பரிந்துரைக்கப்படும் அளவு. புரதம் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 120 கிராம். ஒரே வேளையில் குவிக்காமல் எல்லா வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சியையும் எடைக் குறைப்பையும் ஒரே காலத்தில் தொடங்கியவர்கள் இங்கே மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். செலவுக்கேற்ற வரவு இல்லாதபோது உடல் எலும்பிலும் ஹார்மோன்களிலும் சிக்கனம் பிடிக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் இதன் அடையாளம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயரிட்டு, இது ஆண்களையும் தாக்கும் என்று எச்சரித்தது. அத்தகைய நிலையில் விழும் எலும்பு விரிசல் ஓய்வால் மட்டும் ஆறாது. உணவும் கூட வேண்டும்.

நெடு ஓட்டத்துக்குப் பிறகு தலைவலியும் குமட்டலும்

நீர் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எடையில் சிறிதளவு குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்து இரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டீர்கள். கை வீங்கி மோதிரம் இறுகுவது, வாந்தி, குழப்பம் ஆகியவை தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தாகம் எடுக்கும்போது குடிப்பதே பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான விதி.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா

கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்றவை, நெடுநேர ஓட்டத்தில் ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை, வயிற்றையும் புண்ணாக்கும். அதோடு, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடை தரும் ஒரே சாட்சியின் வாயை அவை அடைத்துவிடுகின்றன. பனிக்கட்டி விஷயத்திலும் கருத்து மாறியிருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே எழுதினார். புதிய சுளுக்கில் வலி பொறுக்க முடியாதபோது சில நிமிடம் வைக்கலாம். நாள்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நிறுத்திய பிறகு திரும்பத் தொடங்குவது

30 நிமிடம் வேகமாக நடந்தும் வலியில்லை, மறுநாள் காலையும் வலியில்லை என்றால்தான் ஓட்டத்தைப் பற்றி எண்ண வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அதை எட்டு முறை செய்யுங்கள். மறுநாள் ஓய்வு. காலை எண் ஏறவில்லை என்றால் ஓடும் பங்கைக் கூட்டுங்கள், ஏறினால் முந்தைய கட்டத்துக்கு இறங்குங்கள். முதலில் தூரத்தைக் கூட்டி, அது நிலைத்த பிறகே வேகத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால், வலி திரும்பும்போது எதனால் திரும்பியது என்றே தெரியாமல் போகும்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் புதிதாக வலிக்கிறது

கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும்போது, இதுவரை இல்லாத வலிகள் தலைகாட்டும். ஒரு நாள் முழங்கால், மறுநாள் குதிகால். இடம் மாறிக்கொண்டே இருப்பதும், ஓடத் தொடங்கியதும் மறைவதும் இவற்றின் அடையாளம். பதற்றத்தில் புதிய காலணி, புதிய மசாஜ், புதிய உடற்பயிற்சி என்று எதையும் தொடங்காதீர்கள். ஆனால் ஒரே இடத்தில் மூன்று நாள் நின்ற வலிக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டைவிரல் சோதனையைச் செய்து, ஓரிடத்தில் சுரீரென்றால், எத்தனை மாத உழைப்பு பின்னால் இருந்தாலும் தொடக்கக் கோட்டுக்குச் செல்லும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஓடி முடித்தவர்களுக்குத் தொடைவலி மறுபடி முதல் நாள்போல வரும். முழு மாரத்தான் என்றால் முதல் வாரம் நடையோடு நிறுத்திக்கொண்டு, படியிறங்கும்போது கைப்பிடி தேவைப்படாத நாள் வந்த பிறகு, இருபது நிமிட மெதுவான ஓட்டத்தோடு தொடங்குங்கள்.